மூன்று கட்டம்

ஷூமெக் ஊரில் எந்தச் சன்னலைத் திறந்தாலும்
குன்றின்மேல் கோட்டை நிற்கும்.
காஷ்பாரின் சமையலறைச் சன்னலில் மட்டும்
பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனா
அதில் பாதியை மறைத்துக்கொண்டிருக்கிறது.

குடிநீர் அலுவலகத்தில் முப்பது வருடம்
மீட்டர் கணக்கு எழுதியவர்.
இப்போது சனிக்கிழமைத் தாளுக்கு
குறுக்கெழுத்துப் புதிர் கட்டித் தருகிறார்.
பெரிய சொற்களுக்கு அவர் அஞ்சுவதில்லை.
பதினான்கு எழுத்தில் ஒரு மருந்தின் பெயர் என்றால்
அதற்கு ஒரே கதவு.
திறந்தால் திறந்ததுதான்.
சின்னச் சொற்கள்தான் படுத்தும்.

வார் என்று ஒன்று.
ஹங்கேரியனில் மூன்றே எழுத்து.
(உங்களுக்கு இந்நேரம்
செருப்பின் வாரும் தோசைக்கல்லும் வந்து நிற்கும்.
நிற்கட்டும். இந்தக் கட்டத்துக்குள் அவை வாரா.)
அங்கே வார் என்றால் கோட்டை.
வார் என்றாலே காத்திருக்கிறான்,
காத்திருக்கிறாள், காத்திருக்கிறது.
ஆளா நாயா என்றுகூட
அந்த வினைச்சொல் காட்டிக்கொடுக்காது.

எமெஷெ ஐந்து வயதில்
ரயில் நிலையத்துக் காத்திருப்பறைப் பலகையில்
முதல் மூன்றெழுத்தை மட்டும் படித்துவிட்டு
கோட்டை எங்கே அப்பா என்றாள்.
அவர் பெஞ்சைக் காட்டினார்.

எத்தனையோ குறிப்பு எழுதிப் பார்த்திருக்கிறார் இந்தச் சொல்லுக்கு.
'முதலில் கல், பிறகு பீரங்கி, இப்போது டிக்கெட்.'
'பேருந்து வராதபோது இவள் செய்வது.'
ஒருமுறை இப்படி:
'முற்றுகையில் உள்ளே இருப்பவன் செய்வது,
வெளியே இருப்பவனும் செய்வது,
இருவருக்கும் நடுவில் நிற்பது.'
ஆசிரியை ஹொய்னொல்கா அதை வெட்டிவிட்டு
ஓரத்தில் எழுதினாள்: இது குறிப்பா, பிரசங்கமா?

அதில் வரும் ஆ-வின் தலையில் ஒரு கீற்று உண்டு.
அதை விட்டால் நெடில் குறிலாகும்,
சொல்லே வேறு.
காயத்தின்மேல் காய்ந்து கிடக்கும் பொருக்கு.
புதிர்களில் குறில் நெடில் யாரும் பார்ப்பதில்லை.
காஷ்பார் பார்ப்பார்.
கோட்டை கேட்டவனுக்குப் பொருக்கைக் கொடுப்பதா என்று
தொலைபேசியில் சண்டை போடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன், பிப்ரவரியில்,
ஷோப்ரோனிலிருந்து எமெஷெயின் கணவன் பேசினான்.
ஆஸ்பத்திரியிலிருந்து.
அவள் பேசவில்லை.
அந்த வருடம் முழுக்க
காஷ்பாரின் எந்தப் புதிரிலும் அந்தச் சொல் இல்லை.
தானாக வந்து விழுந்த இடத்திலும்
ஒரு கறுப்புக் கட்டம் வைத்து அடைத்தார்.

நேற்று தபாலில் ஓர் உறை.
காஸ் பில்லின் பின்பக்கத்தில், ஸ்கேல் இல்லாமல் போட்ட
மூன்று கட்டம்.
இடமிருந்து வலம் ஒன்று: 'எமெஷெ, நவம்பர் வரை.'

காபி ஆறியது.
கோட்டை இல்லை. அவளா கோட்டை?
காத்திருக்கிறாள் என்றால், யாருக்கு?
பெந்த்ஸே வேலைக்கு எல்லை தாண்டிப் போகிறான்தான்,
ஆனால் ஏழரைக்கு வீட்டில் இருப்பானே.
நவம்பர் வரை என்ன.
முதல் கட்டம் காலி, மூன்றாவது காலி.
நடுவில் மட்டும் அவளே எழுதியிருந்தாள்,
ஆ,
அதன் தலையில் அந்தக் கீற்று,
பேனா அழுத்தியதில் காகிதமே கிழிந்திருந்தது.

கிழிசலைச் சன்னலுக்கு நேரே பிடித்தார்.
வெளிச்சம் வந்தது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்,
மறுபடி கழற்றினார்.

மீதி இரண்டெழுத்தை
பென்சிலில்தான் போட்டார். லேசாக.

அந்தச் சனிக்கிழமை
மேலிருந்து கீழ் பதினேழு:
'தாத்தாவும்தான்.'
ஹொய்னொல்கா வெட்டவில்லை.
தொபோல்ட்ஸாவிலிருந்து ஒரு வாசகர் மட்டும்
கோபமாகக் கடிதம் போட்டிருந்தார்,
தாத்தாவுக்கும் கோட்டைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று.